கரிக்கோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மொச்சை

ஜீப் சத்தம் கேட்டால் இன்றைக்கும் எனக்குப் பயம். மலையில் பிறந்தவள் ஜீப்புக்குப் பயப்படுவதா என்று யாரும் கேட்கலாம். வாழைத்தார் இறங்குவது, பிரசவ வலி எடுத்தவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது, கல்யாண வீட்டுக்குப் பந்தல் சாமான் வருவது எல்லாம் எங்களுக்கு ஜீப்பில்தான். சின்ன வயதில் பின்கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன். இந்தப் பயம் கல்லூரி மூன்றாம் வருடத்தில், ஒரு சோசியாலஜி ப்ராஜெக்டால் வந்தது.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்து படித்த முதல் ஆள் நான். அப்பாவும் அம்மாவும் மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்கியதில்லை. இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறது என்று ஹாஸ்டலில் ஒருத்தி சொன்னாள். உயரட்டுமே. மரவள்ளிக் காட்டில் களை வெட்டிவிட்டு, மண் போகாத நகத்தோடு பரீட்சை எழுதி மேலே வந்தவள் நான். குரலைத் தாழ்த்திக்கொள்ள எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

கல்லூரி மலைக்குக் கீழே, சமவெளியில். மூன்றாம் வருடத்தில் ஒவ்வொருத்தியும் தனியாக ஒரு ப்ராஜெக்ட் செய்ய வேண்டும். தலைப்பும் நாமே எடுக்க வேண்டும், கேள்வியும் நாமே தயாரிக்க வேண்டும், ஆட்களையும் நாமே போய்ப் பார்க்க வேண்டும். என் வகுப்பில் தறிப்பட்டறை எடுத்தவள் இருந்தாள், கோழிப்பண்ணைப் பெண்கள் எடுத்தவள் இருந்தாள், லாரி டிரைவர் வீட்டு மனைவிமார்களை எடுத்தவள் இருந்தாள். நான் என்ன எடுப்பது என்று குழம்பிக்கொண்டிருந்தபோது எங்கள் மேடம் கேட்டார்.

"உன் ஊரை விட்டுட்டு நீ ஏம்மா வெளியில தேடுற?"

பின் பெஞ்சிலிருந்து ஒருத்தி சீண்டினாள். "மேடம், அவங்க ஊர்ல கரடி இருக்காம் மேடம்."

"இருக்குது," என்றேன். "ஆனா அது சோசியாலஜி எடுக்கல. நீதான் எடுத்திருக்கிற."

வகுப்பே சிரித்தது. அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். மலையில் பல ஊர் சேர்ந்தது ஒரு நாடு; தேவனூர் நாட்டில் இருக்கிற எங்கள் சின்ன ஊர். அதில் எந்த வீட்டுக்கு எந்த வீடு உறவு, யார் யாருக்கு வேலைக்குப் போகிறார்கள், எந்த வீடு பூட்டிக் கிடக்கிறது, ஏன். எங்களைப் பற்றி வெளியாள் எழுதி நான் படித்தது போதும் என்றிருந்தது. இந்தத் தடவை எழுதுகிறவள் எங்கள் ஆள்.

மேடம் ஒரு முறை சொல்லிக்கொடுத்திருந்தார். போனதும் பேப்பரை நீட்டாதீர்கள், ஊர்க்காரர்களையே தரையில் அவர்கள் ஊரை வரையச் சொல்லுங்கள், கோலப்பொடியோ குச்சியோ கல்லோ எது கிடைக்கிறதோ அதை வைத்து அவர்கள் கையால் செய்யட்டும் என்று. அது எனக்குப் பிடித்திருந்தது. லீவுக்குப் போனபோது மிளகு காயப்போடுகிற பெரிய பாறையைக் கூட்டிவிட்டுப் பெண்களை வரச் சொன்னேன்.

"என்ன சாமி, காலேஜுல கோலம் போடத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார் பக்கத்து வீட்டு அத்தை. எங்கள் ஊரில் அவர் வாய்க்கு எல்லோரும் பயம்.

"கோலமில்லீங்கத்தை. நம்ம ஊரு. எந்த ஊடு எங்க இருக்குதுன்னு வெச்சுக் காட்டுங்க."

"அடியே, எந்த ஊடு எங்க இருக்குதுன்னு தெரியாமத்தான் இவ இத்தன வருசம் படிச்சாளாட்டருக்குது!"

பாறை முழுக்கச் சிரிப்பு. ஆனால் வேலை தொடங்கியதும் என்னை யாரும் கண்டுகொள்ளவில்லை. சாம்பலால் பாதை போட்டார்கள். ஊற்றுக்கண் இருக்கிற இடத்தில் ஒரு பச்சை இலை. ஆள் இருக்கிற வீட்டுக்கு வெள்ளை மொச்சை, வேலைக்கு வெளியூர் போய்ப் பூட்டிக் கிடக்கிற வீட்டுக்கு ஒரு மிளகு. ஊருக்கு மேலே காட்டின் எல்லைக்கல் வரிசையாகப் போகிறதே, அதற்கு அடுப்புக்கரியால் ஒரு கோடு.

அவர்கள் மொச்சை வைத்த விதத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. கூறு போடுகிற மாதிரியே வைத்தார்கள். எங்கள் ஊரில் சாமிக்கு ஆடு வெட்டினால் வாழை இலையை வரிசையாகப் பரப்பி, வீட்டுக்கு ஓர் இலை என்று கறியைக் கூறு போடுவார்கள். ஒவ்வொரு இலையிலும் ஈரலில் கொஞ்சம், எலும்பில் கொஞ்சம், தொடையில் கொஞ்சம். பூட்டிய வீட்டுக்கும் இலை உண்டு, பங்காளி எடுத்துப் போவார். சண்டையில் பேச்சுவார்த்தை இல்லாத வீட்டுக்கும் உண்டு. இலை வைக்காத வீடு ஊரில் இல்லாத வீடு. அதனால் கூறு போடுகிறவர்கள் மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று வாய்க்குள் சொல்லிச் சரிபார்ப்பார்கள். பாறையிலும் அப்படித்தான் சொல்லிக்கொண்டே வைத்தார்கள்.

கரிக்கோட்டுக்கு மேலே ஒரே ஒரு வீடுதான் பாக்கி. என் சின்னம்மா வீடு.

சின்னம்மா என்றால் அம்மாவின் தங்கை. கட்டிக்கொண்டு போன இடம் சரிப்படாமல் பல வருடம் முன்பே திரும்பி வந்தவர். அவர் வீடு எல்லைக்கல்லைத் தாண்டி இருக்கிறது. கல் நடுவதற்கு முன்னாலிருந்தே அந்தச் சரிவில் எங்கள் ஆட்கள் சாமை விதைத்தார்கள் என்பது ஊருக்குத் தெரியும். காட்டுவதற்குக் காகிதம் கிடையாது. அதனால் வெளியாள் யார் வந்து கேட்டாலும் ஊரே ஒரே பதில்தான் சொல்லும்: "அது காவல் கொட்டாய்ங்க." பன்றி விரட்டப் போடுகிற கொட்டகை. இதைச் சொல்ல யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. எனக்கே எப்போது தெரிந்தது என்று தெரியாது.

"அத்தை," என்றேன். "அத மட்டும் உட்டர்லாமுங்களா?"

"எத?"

"சின்னம்மா ஊட்ட."

எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சின்னம்மா பாறை ஓரத்தில் மடியில் மொச்சையை வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

"ஏன்? உங்க சின்னம்மா செத்தா போயிட்டா?"

"அதுக்கில்லீங்க. கல்லுக்கு அந்தப் பக்கம்..."

"கல்லு நட்டவனுக்குத்தான் அது அந்தப் பக்கம். நமக்கு என்ன பக்கம்? ஒரு ஊட்ட உட்டுப்போட்டுக் கூறு போட்டா எங் கை வெளங்குமா? நீ என்ன வெளியாளா, உங்கிட்டப் பொய் சொல்றதுக்கு?"

அத்தை, சின்னம்மாவின் மடியிலிருந்தே ஒரு மொச்சையை எடுத்து, கரிக்கோட்டுக்கு மேலே அழுத்தி வைத்தார். அதற்கு மேல் பேசியிருந்தால் பாறையை விட்டே என்னை இறக்கியிருப்பார்கள். சின்னம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். சந்தோஷத்தில் என்று எனக்குப் பட்டது.

மேல்பாறையில் ஏறி நின்று போட்டோ எடுத்தேன். கறுத்த பாறையில் வெள்ளை மொச்சைகள் அவ்வளவு அழகாக இருந்தன. எது எது என்ன என்று ஒரு தாளில் நல்ல கையெழுத்தில் எழுதி அதையும் ஓரத்தில் வைத்து எடுத்தேன்: சாம்பல் பாதை, இலை தண்ணீர், கரி காட்டெல்லை. மேடத்துக்கு வாட்ஸப்பில் அனுப்பினேன். அவர் கைதட்டுகிற பொம்மைகளாக அனுப்பி, வகுப்பு குரூப்பிலும் போட்டார். கரடியைப் பற்றிக் கேட்டவளே "செம" என்று எழுதினாள். அன்றெல்லாம் போனைக் கையிலிருந்து இறக்கவில்லை. சிக்னலுக்காக மறுபடி மறுபடி மேல்பாறைக்கு ஏறினேன்.

கல்லூரி திறந்த பிறகு மேடம் வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னார். மாணவிகளின் ப்ராஜெக்டுகளை வைத்து ஒரு கண்காட்சி நடக்கப்போகிறது, மாவட்டத்து அதிகாரிகள் எல்லாம் வந்து பார்ப்பார்கள், எங்கள் துறையிலிருந்து என்னுடையது போகிறது என்றார். "மேப்பைப் பெருசா பிரிண்ட் போடுவோம். அதிகாரிங்க கண்ணுல பட்டா உங்க ஊருக்கு ஏதாவது நல்லது நடக்கும்." கை தட்டினார்கள். அப்போது என் தலை எங்கே இருந்தது என்று கேட்டால், காத்தாடி மாட்டுகிற உயரத்தில்.

சோதனைக்கு ஒரு பிரிண்ட் போட்டு வந்து ஹாஸ்டல் கட்டிலில் விரித்தேன். அறைத்தோழி குனிந்து பார்த்தாள். கெட்ட எண்ணம் கொஞ்சமும் இல்லாதவள்.

"இந்தக் கறுப்புக் கோடு காட்டு எல்லையா?"

"ஆமா."

"அப்ப இந்த ஒரு கொட்டை மட்டும் ஏன்டி காட்டுக்குள்ள தனியா இருக்கு?"

அவள் விரல் சரியாகச் சின்னம்மா வீட்டின் மேல் இருந்தது.

கொட்டை உருண்டு போயிருக்கும் என்று ஏதோ சொன்னேன். அவள் நம்பிவிட்டுத் தலை வாரப் போய்விட்டாள். நான் பிரிண்டைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். ஒரு பெண்ணுக்கு ஒரு நொடியில் தெரிந்தது ஓர் அதிகாரிக்குத் தெரியாதா? எங்கள் ஊர் இத்தனை காலம் வாயைக் கட்டிக் காப்பாற்றிய வீடு, என் நல்ல கையெழுத்தில் விளக்கம் எழுதிச் சுவரில் தொங்கப்போகிறது. அந்த வாரம் முழுக்க எனக்குக் கண்ணில் நின்றது ஒரு விரல். மோதிரம் போட்ட ஒரு பெரிய மனிதரின் விரல் கரிக்கோட்டைத் தாண்டி மேலே போய் அந்த மொச்சையின் மேல் நிற்கும். "இது என்ன?" என்று கேட்கும். சாப்பிட உட்கார்ந்தால் சோற்றுக்குள் அந்த விரல் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானமே கிளம்பிவிட்டேன். சேந்தமங்கலத்தில் மலை பஸ் பிடித்தேன். எனக்கு அந்த வளைவுகளில் தலை சுற்றியதே இல்லை. கீழ்நாட்டுக்காரர்கள் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டு வருவதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அன்றைக்கு நானே ஓர் எலுமிச்சம்பழம் கேட்டு வாங்கி மோந்தேன். எதிரே ஒரு ஜீப் இறங்கி வந்தது. யாராவது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்களோ என்று எட்டிப் பார்த்தேன். பலாப்பழம்தான் இருந்தது.

வீட்டுக்குப் போகாமல் நேராகச் சின்னம்மா வீட்டுக்கு ஏறினேன். மண் சுவர், மேலே தகரம். வாசலில் சாக்கில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சின்னம்மா அதைப் பேளுக்குறிச்சிச் சந்தைக்குக் கொடுத்துவிட எடுத்து வைத்துக்கொண்டிருந்தார்.

"என்ன கண்ணு, மொகமெல்லாம் இப்படி இருக்குது? உட்காரு, வரக்காப்பி வெக்கறேன்."

அவர் அடுப்பைப் பார்த்துத் திரும்பியிருந்தபோது சொல்லிவிட்டேன். முகத்தைப் பார்த்துச் சொல்லியிருக்க முடியாது.

"சின்னம்மா, அன்னிக்குப் பாறையில வெச்சமே, அத பெரிய ஆபீசருங்க பாக்கற எடத்துல மாட்டப் போறாங்க. உன் ஊட்ட மட்டும் எடுத்துட்டு நான் வேற ஒண்ணு வரைஞ்சு குடுத்துரட்டுமா?"

"மட்டும்னா?"

"மத்த ஊடெல்லாம் இருக்கும்."

"பூட்டிக் கெடக்குதே, அதுக?"

"அதுவும் இருக்கும்."

"ஆளில்லாத ஊடு இருக்கும்," என்றார். ஊதுகுழலைக் கீழே வைத்தார். "ஆளிருக்கற ஊடு இருக்காது."

கொதித்த காப்பியைத் தம்ளரில் ஊற்றி என் கையில் கொடுத்தார்.

"நான் திரும்பி வந்த வருசம் கூறு போட்டாங்க கண்ணு. நானும் போயி நின்னேன். எலைய வெச்சுக்கிட்டே வந்தாங்க. உங்கம்மா ஊடு, பக்கத்து ஊடு, அதுக்கடுத்த ஊடுன்னு. எனக்கு இல்ல. தப்பா யாரும் பண்ணல. ஊடே இல்லாதவளுக்கு எங்கிருந்து எல வரும்? உங்கம்மா எலையிலதான் தின்னேன். அந்தக் கறி எனக்கு எறங்கல." தகரத்தை நிமிர்ந்து பார்த்தார். "இத எதுக்குக் கட்டினேன்னு நெனைக்கற? அடுத்த கூறுல எனக்கு ஒரு எல வேணும்னுதான்."

"அப்ப இருக்கட்டுங்கறயா?"

"ஐயோ, வேண்டாஞ்சாமி!" பதறிப்போய் என் கையைப் பிடித்தார். காப்பி என் பாவாடையில் சிந்தியது. "வந்து புடுங்கிப் போட்டா நான் எங்க போவேன்? திருப்பி உங்கம்மா ஊட்டு மூலையிலயா?" பிடியை விடவில்லை. "எடுத்தாலும் பயமா இருக்குது. இருந்தாலும் பயமா இருக்குது. எனக்கு என்ன தெரியும்? நீதான படிச்சவ. நீயே சொல்லு."

படித்தவள் என்று யாராவது சொன்னால் உடம்பில் ஓடுகிற ஒரு சூடு எனக்குத் தெரியும். அன்றைக்கு அது ஓடவில்லை.

எத்தனை புத்தகத்தைப் புரட்டினாலும் அதற்குப் பதில் இருக்காது என்று பஸ்ஸில் மலை இறங்கும்போது தெரிந்தது. அந்தப் பாறையில் அத்தை சொன்னதுதான் திரும்பத் திரும்ப வந்தது. ஒரு வீட்டை விட்டுவிட்டுக் கூறு போடக் கூடாது. சரி. அப்படியானால் கூறே போடாமல் இருக்கலாம் அல்லவா? ஓர் இலையை எடுத்தால்தான் அந்த வீடு ஊரில் இல்லை என்று ஆகும். எல்லா இலையையும் எடுத்துவிட்டால் யாருக்கும் குறை இல்லை. இந்த யோசனை வந்ததும் ஒரு வளைவு முழுக்க நிம்மதியாக இருந்தது. அடுத்த வளைவில் என் ப்ராஜெக்ட் ஞாபகம் வந்தது.

மேடத்திடம் போய், கண்காட்சிக்கு அனுப்ப வேண்டாம், ப்ராஜெக்டிலிருந்தே மேப்பை எடுத்துவிடுகிறேன் என்றேன்.

"என்னம்மா சொல்ற? உன் ப்ராஜெக்ட்டே அந்த மேப்தானே! அதை எடுத்தா மிச்சம் என்ன இருக்கு?"

"எழுதினது இருக்கு மேடம்."

"எழுதினது எல்லாரும்தான் எழுதறாங்க. ஏன், என்ன ஆச்சு?"

மேடம் நல்லவர். சொல்லியிருந்தால் என் பக்கம்தான் நின்றிருப்பார். ஆனாலும் காரணத்தைச் சொன்னால் அந்த வீட்டைப் பற்றித் தெரிந்தவர்களில் இன்னொருவர் கூடிவிடுவார்.

"எங்க ஊர்ல வேண்டாம்னுட்டாங்க மேடம்."

தகவல் தந்தவர்கள் எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், ஏன் என்று கேட்க நமக்கு உரிமை இல்லை என்று முதல் மாதமே எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான்.

"நான் நடத்தின பாடத்தை எனக்கே திருப்பிக் கொடுக்கிற," என்றார். எரிச்சலோடுதான் சொன்னார். ஆனால் ஃபைலைத் திறந்து அந்தப் பக்கத்தை அவரே உருவி என்னிடம் கொடுத்தார். குரூப்பிலிருந்தும் போட்டோவை எடுத்தார். மற்றவர்களிடம் நான் ஒவ்வொருத்தியாகப் போய், போனில் இருந்தால் அழித்துவிடு என்று கேட்டேன். எதற்கு என்று கேட்டார்கள். அதில் என் கையெழுத்து நன்றாக இல்லை என்றேன். எல்லோரும் அழித்தார்கள், ஒருத்தியைத் தவிர. அவள் கல்யாணமாகிப் படிப்பை நிறுத்திவிட்டுப் போயிருந்தாள், நம்பர் மாறிவிட்டது. எந்த ஊரில் எந்தப் போனில் எங்கள் பாறை இருக்கிறதோ என்று இப்போதும் யோசிப்பேன்.

கண்காட்சிக்குக் கோழிப்பண்ணை போனது. நானும் பார்க்கப் போனேன். வந்த அதிகாரி போனில் பேசிக்கொண்டே ஒரு சுற்று நடந்தார். எந்தப் படத்தின் மேலும் விரல் வைக்கவில்லை. கோழிப்பண்ணைக்காரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றதுதான் மிச்சம். என்னுடையதாக இருந்தால் அவர் நின்றிருப்பார் என்று ஒரு பக்கம் தோன்றியது. நின்றிருப்பாரே என்று மறுபக்கம் நடுங்கியது. அந்த இரண்டும் எப்படி ஒரே மனதில் இருந்தன என்று எனக்குத் தெரியாது, இருந்தன.

பரீட்சைக்கு முந்தின லீவில் ஊரில் இருந்தேன். சின்னம்மாவும் நானும் கீழ்ச்சரிவில் மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்தோம். ஜீப் சத்தம் கேட்டது. வாழைத்தார் ஏற்ற வருகிற ஜீப்பின் சத்தம் எங்களுக்குத் தெரியும். இது வேறு. ரோடு முடிகிற இடத்தில் நின்றது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஒருவர் தொப்பி போட்ட பெரியவர். இன்னொருவர் தோளில் மூன்று கால் வைத்த அளவுக்கருவி. வாசலில் நின்றிருந்த அத்தை உள்ளே போய்க் கதவைச் சாத்தியதைப் பார்த்தேன். அத்தை வாயை மூடி நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவர்கள் எங்களிடம்தான் வந்தார்கள். சின்னம்மா புல்கட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டார். சும்மா நிற்க முடியாமல் கைக்கு ஏதாவது வேண்டியிருந்தது போல.

"ஏம்மா, மேல தகரம் தெரியுதே, அது யாரு வீடு?"

சின்னம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"காவல் கொட்டாய்ங்க சார்."

"காவல் கொட்டாய்க்குத் தகரமா?"

"ஓலையா இருந்தா கரடி பிச்சுப் போட்டுருதுங்க சார்."

தொப்பிக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன்.

"ராத்திரி ஆள் தங்குதா?"

"வெள்ளாமை நேரத்துல யாராச்சும் படுப்பாங்க சார்."

"நீ படிக்கிற பொண்ணா?"

"ஆமாங்க சார். சோசியாலஜி."

"அதுல என்ன வரும்?"

"மனுசங்க எப்படி ஒண்ணா இருக்கறாங்கன்னு வருங்க சார்."

அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். தள்ளித் தள்ளி எதையோ தேடினார். ஒரு படத்தில் நின்றார். சரிவை நிமிர்ந்து பார்த்தார், போனைப் பார்த்தார், மறுபடி சரிவைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது. கல்யாணமாகிப் போனவளின் போனிலிருந்து அது எப்படியோ கைமாறி வந்துவிட்டது. கறுத்த பாறை, சாம்பல் பாதை, என் கையெழுத்து. ஓடிவிடலாம் என்று இருந்தது. ஓடாமல் ஓர் அடி முன்னால் வைத்து எட்டிப் பார்த்தேன்.

எங்கள் பாறை இல்லை. வானத்திலிருந்து எடுத்த படம். பச்சை, மண் நிறம், பச்சை. நடுவில் ஒரு மஞ்சள் கோடு. கோட்டுக்கு மேலே, பச்சைக்குள், ஒரு வெள்ளைப் புள்ளி. வெயிலில் மினுங்குகிற தகரம். யாரையும் கேட்காமல், யாரும் மடியிலிருந்து எடுத்து வைக்காமல், சின்னம்மா வீடு அதில் இருந்தது. நான் மேப்பை எடுத்ததாலோ வைத்ததாலோ மாறுகிற விஷயமாக அது எப்போதுமே இருந்ததில்லை.

அவர் விரல் அந்தப் புள்ளியின் மேல் நின்றது. மோதிரம் இல்லை. மற்றபடி நான் கண்ட விரல்தான்.

"காவல் கொட்டாய்," என்று சொல்லிக்கொண்டே எதையோ தட்டி ஏற்றினார். பிறகு சின்னம்மா பக்கம் திரும்பினார். "உனக்கு எந்த வீடும்மா?"

சின்னம்மா புல்கட்டோடு முகவாயைக் கீழ்ப்பக்கம் நீட்டி எங்கள் வீட்டைக் காட்டினார். "அதானுங்க. அக்கா ஊட்லதான் நானும் இருக்கறேன்."

சொன்னபோது குரல் நடுங்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவர்கள் கருவியை நட்டு இரண்டு மூன்று இடத்தில் பார்த்தார்கள். எந்த ஆபீஸ், எதற்காக அளந்தார்கள் என்று இன்றுவரை எங்களுக்குத் தெரியாது. ரோட்டுக்கு என்றார் ஒருவர், தண்ணீர்க் குழாய்க்கு என்றார் இன்னொருவர். குழாய்க்காக இருந்தால் காவல் கொட்டாய்க்கு யாரும் குழாய் போட மாட்டார்கள் என்று யோசித்துப் பார்த்தேன். அதையும் யாரிடமும் சொல்லவில்லை. ஜீப் வளைவு திரும்பிச் சத்தம் தேய்கிற வரைக்கும் சின்னம்மா கட்டை இறக்கவே இல்லை.

"வா கண்ணு," என்றார் பிறகு. "ஆளில்லாத கொட்டாயில காப்பி வெக்கறேன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். நடக்கும்போது பின்னால் வந்த நான், அவர் தலையிலிருந்த புல்கட்டு முழுக்க நடுங்குவதைப் பார்த்தேன்.

அன்று சாயங்காலம் நான் பார்த்ததைச் சொன்னபோது அத்தைக்கு வாய் திரும்பிவிட்டது. "வானத்துல இருந்தா பாக்கறாங்க? கட்டுன பொண்டாட்டியக்கூட இப்படிப் பாக்க மாட்டானுக போ!" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "அப்ப வானத்துக்குப் பச்சையாத் தெரியோணும்," என்றார். மறுநாளே சின்னம்மா வீட்டுச் சுவரோரம் பூசணி விதை ஊன்றினார்கள். வீட்டுக்கு ஒரு கை விதை வந்தது. கொடி ஏறக் கயிறு கட்டிவிட்டார்கள். தகரம் சூடாகும், கொடி கருகும் என்று அம்மா சொன்னதால் மேலே புல்லையும் பரப்பினார்கள். புல்லைக் காற்று அடித்துப்போனது. கொடி நின்றது.

ப்ராஜெக்டுக்குத் தேறுகிற அளவுக்கு மார்க் வந்தது. வைவாவில் கேள்வி கேட்க வெளியிலிருந்து வந்தவர், களத்துக்குப் போனதற்கு ஆதாரமே இல்லையே என்று உதட்டைப் பிதுக்கினார். ஒவ்வொரு வீட்டையும் எனக்குத் தெரியும் என்றேன். தெரிந்ததை எழுத வேண்டாமா என்றார். எழுதுகிறவளுக்குத் தெரிந்ததெல்லாம் எழுத்துக்கு வராது என்று சொல்ல நினைத்து, "சரிங்க சார்," என்றேன். என் வாழ்க்கையில் நான் குரலைத் தாழ்த்திய ஓர் இடம் அது. எதற்காகத் தாழ்த்தினேன் என்று எனக்குத் தெரியும் என்பதால் அதிலும் எனக்கு வெட்கமில்லை.

இப்போது வேறு ஊரில் எம்.ஏ. படிக்கிறேன். வாரம் ஒரு தரம் அம்மா மேல்பாறைக்கு ஏறி என்னைக் கூப்பிடுகிறார். சாப்பிட்டாயா என்று அவர் கேட்பதற்கு முன்னால் நான் கேட்டுவிடுகிறேன்.

"ஜீப் வந்துச்சாம்மா?"

"வாழத்தாருக்குத்தான் வந்துச்சு."

"கொடி?"

"தகரமே தெரியல போ. காய் எறக்க உங்க சின்னம்மா ஏணி கேட்டா. போன சாமி நோம்பிக்குக் கூறு போட்டப்ப அவதான் மொத ஆளா எல தூக்கிட்டுப் போனா."

நல்லது என்கிறேன். போனை வைத்த பிறகு ஜன்னலைத் திறந்து வெயிலைப் பார்க்கிறேன். இந்த ஊரில் வெயில் ஏற ஆரம்பித்துவிட்டது. மலைக்கு இது கொஞ்சம் தாமதமாகத்தான் போய்ச் சேரும். போய்ச் சேர்ந்தால் பூசணிக் கொடி காய்ந்து சுருண்டு தகரத்திலிருந்து கீழே இறங்கும். அதை அம்மாவிடம் நான் சொல்வதில்லை. அவருக்கும் தெரியும்.